மாவு பிசையும் பொறியும் ஏழை ரொட்டிக்கடையும்

ரொட்டிக்கு உப்பு இன்றியமையாதது. 100 கிலோ கோதுமை மாவுக்கு ஏறக்குறைய 2 கிலோ உப்புச் சேர்ந்தால்தான் பிசைந்த மாவு வலுப்பெறும். புளிப்பும் அளவில் நிற்கும். ஆனால் மரக்காணத்து உப்பளக் கரையில் அதே உப்பு காற்றோடு கலந்து இரும்பை அரித்துத் தின்கிறது. அங்கே சிறு ரொட்டிக்கடை நடத்துவோருக்கு மாவு பிசையும் யந்திரம் செய்து தர முன்வருவோர் இதை மறத்தலாகாது.

பிசைதல் எளிய வேலையன்று. பிசையப் பிசையத்தான் மாவிலுள்ள புரதம் வலைபோற் பின்னி, புளிப்பில் எழும் வாயுவைத் தாங்குகிறது. இதனை ஆலைக்காரர் மின்விசையால் செய்கின்றனர். யந்திரம் வாங்க இயலாத கடைக்காரரோ தம் தோள்வலியால் செய்ய வேண்டியிருக்கிறது. இது நியாயமான போட்டியாகுமா?

யந்திரம் கைத்தொழிலை அழித்துவிடும் என்று அஞ்சுவோர் மகாத்மாவின் வழியை நினைவுகூர்வாராக. 1929-இல் அகில இந்திய சர்க்கா சங்கம் திருந்திய ராட்டினத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது, இந்தியாவிலேயே செய்யத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பன அதன் நிபந்தனைகளிற் சில. பரிசு எவருக்கும் கிட்டவில்லை. ஆயினும் விலையை முதலில் வரையறுத்து, அதற்கேற்பப் பொறியை வகுக்கும் அந்த முறையே நமக்கு உகந்தது.

கோயம்புத்தூர் இதற்கு நல்ல சான்று. 1955-இல் அங்கே தோன்றிய கிரைண்டர், ஆட்டுக்கல்லைத் தள்ளிவிடவில்லை. கல்லை வைத்துக்கொண்டு, கையின் பாரத்தை மட்டும் மோட்டாருக்கு மாற்றிற்று.

பிசைபொறிக்கும் நாம் நிபந்தனை விதிப்போம். ஒருமுனை மின்சாரத்தில் அது ஓடவேண்டும். மாவு படும் பாகங்கள் துருப்பிடிக்காத எஃகினால் ஆகவேண்டும். மோட்டாருக்குள் உப்புக்காற்று புகலாகாது. வேகம் மிதமாக இருத்தல் அவசியம். மிஞ்சினால் மாவு சூடேறி, நம் நாட்டு வெப்பத்தில் புளிப்பு கட்டுக்கடங்காது. பெல்ட்டும் பேரிங்கும் திண்டிவனத்துக் கடையில் வாங்கி மாற்றத்தக்கனவாக வேண்டும். மூடியைத் திறந்த கணமே பொறி நிற்கவேண்டும். விலை குறைப்பதற்காக இந்தக் காப்பைக் கைவிடுவது, தொழிலாளியின் விரல்களை விலையாகக் கேட்பதாகும்.

சர்க்கார் இந்நிபந்தனைகளோடு பரிசு அறிவிக்கட்டும். பொறியியற் கல்லூரி மாணவரும் கோவைப் பட்டறையாளரும் ஒருங்கே முயலட்டும். சோதனை குளிர்ந்த ஆய்வுக்கூடத்தில் வேண்டாம். மரக்காணத்துக் கடற்காற்றில் ஓராண்டு நடக்கட்டும். அங்கே துருவேறாது உழைக்கும் பொறி, தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் உழைக்கும்.