மரப்பாச்சியும் மூன்று தந்தி வாத்தியமும்

கொலுவின் மேல்படியில் நிற்கும் மரப்பாச்சி ஜோடியை நம் அன்பர்கள் அனைவரும் அறிவீர்கள். எங்கள் வீட்டு ஜோடி, பாட்டி திருப்பதியில் வாங்கி வந்தது. சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அதைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டேன். கல்லைப் போல மூழ்கிவிட்டது! பாட்டியிடம் வாங்கிய குட்டு இன்னும் நினைவிருக்கிறது. முற்றிய செம்மரத்தின் வைரம் தண்ணீரைவிட அடர்த்தியானது என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தபின், காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் பாதையில் பலமுறை போயிருக்கிறேன். அங்கே தெரியும் சேஷாசல மலைத்தொடர்தான் செம்மரத்தின் தாய்வீடு.

இப்போது என் பேரன் கிடார் கற்கிறான். வீணையைப் போலக் கிடாருக்கும் மெட்டுகள் உண்டு. தந்தி அவற்றின்மேல் அழுந்துகிறது. ஜப்பானியரின் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்துக்கு மெட்டே கிடையாது. தந்தி நேராக மரத்தண்டில் அழுந்தும். மரம் மென்மையானால் சீக்கிரம் பள்ளம் விழும். வளைவில் தண்டவாளம் தேய்வதைப் பார்த்த எனக்கு இது எளிதில் விளங்கியது. அதனால்தான் அந்நாட்டுக் கைவினைஞர்கள் உயர்ந்த ரகத் தண்டுக்கு நம் செம்மரத்தை நாடினார்கள். மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய அத்தண்டைப் பூட்டினால் இணைப்பு கையில் தட்டாது. அவ்வளவு துல்லியம்!

இழைத்தவருக்குப் புகழ் உண்டு. வெட்டியவருக்கு?

1995-இல் செம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் கடத்தல் ஓயவில்லை. அதற்கு வாத்தியத்தைக் குறை சொல்ல முடியாது. சீனாவில் செம்மர நாற்காலி, மேசைகளுக்கு இருக்கும் மோகமே முதற்காரணம். வெட்டப் போகிறவர்களில் பலர் ஜவ்வாது மலை போன்ற இடங்களைச் சேர்ந்த ஏழைத் தமிழர்கள். ஊரில் வேலை இல்லை. தரகர் கூடுதல் கூலி பேசுகிறார். நாள்கணக்கில் காட்டில் ஒளிந்திருந்து வெட்டி, தோளில் சுமந்து இறக்க வேண்டும். பிடிபட்டால் சிறை. லாபம் பார்க்கும் பெரிய புள்ளிகள் காட்டுப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த 20 பேர் ஆந்திரச் சிறப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை.

நாங்கள் தண்டவாளத்தில் கேங்மேனை இறக்கினால், முதலில் சிவப்புக் கொடி நட்டு ரயிலை நிறுத்த ஏற்பாடு செய்வோம். வேலை அதற்குப் பிறகுதான். அந்த 20 பேருக்குக் கொடி பிடிக்க ஒருவரும் இல்லை. மரம் வெட்டுவது குற்றம்தான். அதற்குத் தண்டனை நீதிமன்றத்தில் அல்லவா கிடைக்க வேண்டும்?

வழி இல்லாமல் இல்லை. செம்மர வணிகம் குறித்து இந்தியாமீது இருந்த பன்னாட்டுச் சிறப்பு மறுஆய்வு 2023 நவம்பரில் நீங்கியது. விவசாயிகள் தம் நிலத்தில் வளர்த்த மரத்தை முறைப்படி விற்க இது உதவும். அதே கோடரிக்காரர்களுக்கு அங்கே பகல் வெளிச்சத்தில், பதிவேட்டில் பெயரோடு வேலை கொடுக்கலாம். மரம் இழைக்கவும் பழக்கலாம்.

இந்த ஆண்டும் நவராத்திரிக்கு மரப்பாச்சிகளைத் துடைத்து வைப்பேன். அவற்றின் கனம் மரத்தின் கனம் மட்டுமே என்று இனி என்னால் நினைக்க முடியாது.