மடக்கு வீட்டில் விடுமுறையா? ஈரமும் புகையும் ஜாக்கிரதை!

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கக் கோடையில் போகிறீர்களா? 'வாரக் கடைசியில் கேம்பிங் போகலாம், வாங்க' என்று காருக்குப் பின்னால் தட்டையான ஒரு பெட்டி வண்டியைக் கோத்துக்கொண்டு கிளம்புவார்கள். காட்டோரமாக நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும். இரண்டு பக்கமும் படுக்கைகள் வெளியே நீளும். சுவருக்குப் பதில் கான்வாஸ் துணி. இதுதான் பாப்-அப் கேம்பர்!

குழந்தைகளுக்கு ஒரே குஷி. பெரியவர்களுக்கும் தரையில் படுக்க வேண்டியதில்லை. 'துணிச் சுவர்தானே, காற்று தாராளமா வரும்' என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அங்கேதான் தப்பு. வருடத்தில் பாதி நாள் இது மடித்துக் கிடக்கும் பெட்டி. குளிர் இரவில் திரையை இழுத்து மூடினால் சின்ன அறை. மூடிய இடத்தில் என்னென்ன வருமோ, அத்தனையும் இங்கேயும் வரும்.

கிளம்பும் முன்: எலி வந்ததா?

மழைக்காலம், பனிக்காலம் பூரா சும்மா நின்ற வண்டியில் சுண்டெலி குடியேறுவது சகஜம். உடனே விளக்குமாறை எடுத்துப் பெருக்கக் கூடாது! அங்குள்ள ஒரு வகைக் காட்டுச் சுண்டெலியின் புழுக்கை, சிறுநீரில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். பெருக்கினால் தூசியோடு கிளம்பி மூச்சில் போய்விடும். 2012-ல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பூங்காவில் கூடாரக் குடில்களின் இரட்டைச் சுவருக்குள் எலிகள் கூடு கட்டியிருந்தன. அந்தப் பூங்காவுக்கு வந்தவர்களில் 10 பேருக்கு இந்த நோய் வந்து 3 பேர் இறந்தார்கள்.

என்ன செய்வது? முதலில் எல்லாப் பக்கமும் திறந்து அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை மேல் நன்றாகத் தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறிய பிறகு காகிதத் துண்டால் துடைத்து எடுத்துவிடலாம்.

இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் வெளியே தெரிய ஒன்று முதல் எட்டு வாரம் ஆகலாம். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். காய்ச்சல், உடம்பு வலி, மூச்சுத் திணறல் என்று டாக்டரிடம் போனால், எங்கே தங்கினீர்கள் என்பதையும் தவறாமல் சொல்லுங்கள்.

தண்ணீர்த் தொட்டி

போன வருடத் தண்ணீர் நின்ற தொட்டியில் அப்படியே புதுத் தண்ணீரை ஊற்றிக் குடிக்கலாமா? கூடாது. சுமார் 57 லிட்டர் கொள்ளளவுக்கு 60 மில்லி, வாசனை சேர்க்காத பிளீச் போதும். தண்ணீரில் கலந்து ஊற்றி, தொட்டியை நிரப்புங்கள். குழாயைத் திறந்து பிளீச் வாடை வந்ததும் மூடிவிடுங்கள். நாலு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் வெளியேற்றி, வாடை போகும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலசினால் ஆச்சு.

டயரையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். கேம்பர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால், பார்க்கப் புதுசாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

சாமான் அடுக்கும்போது

இடம் குறைச்சல். அதனால் ஆளுக்கு ஒரு துணிப்பை, சமையலுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, மருந்துக்குத் தனியாக ஒன்று என்று பிரித்துவிடுங்கள். கூரையை மடித்த பிறகு உள்ளே கை விட முடியாது. எனவே மருந்துப் பை காரில், உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகாதீர்கள்.

பால், தயிர், சமைத்த உணவு எல்லாம் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று போட்டு வையுங்கள். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். புளியோதரை தாங்கும், தயிர் சாதம் தாங்காது!

கரடி உள்ள காடுகளில் சாப்பாட்டைத் துணிச் சுவருக்குள் வைக்காதீர்கள். முகாமில் இரும்புப் பெட்டி இருந்தால் அதில் வைத்துப் பூட்டுங்கள். யெல்லோஸ்டோன் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி பயத்தால் துணிச் சுவர் வண்டிகளுக்கே அனுமதி இல்லை.

பாட்டி, தாத்தாவுக்கு வாசல் பக்கத்துப் படுக்கையைக் கொடுங்கள். ஏறி இறங்க உறுதியான படி ஸ்டூலும், தலைமாட்டில் டார்ச்சும் அவசியம்.

இரவில்: அடுப்பு வெளியே

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். குளிருகிறதே என்று கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வதோ, சமைத்து முடித்த கரி அடுப்பை உள்ளே கொண்டு வருவதோ கூடவே கூடாது. சாம்பல் பூத்த கரியும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். 'பயண அலுப்பு' என்று படுத்துவிடுவார். தூங்குபவருக்கோ எந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

பல மாடல்களில் அடுப்பைக் கழற்றி வண்டிக்கு வெளியே மாட்டிக்கொள்ளலாம். அங்கேயே சமையுங்கள். ஜெனரேட்டர் இருந்தால் குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று படுக்கும் முன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். குளிருக்குக் கம்பளியும் ஸ்வெட்டரும் போதும். சிறு ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலை வலிக்கிறதா? யோசிக்காதீர்கள். எல்லோரும் வெளியே வந்து 911-ஐக் கூப்பிடுங்கள்.

திரும்பியதும்

மழையில் நனைந்த கான்வாஸை மடித்தால், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். அடுத்த முறை உள்ளே படுக்கும் ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வர அது போதும். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் வீடு வந்த 24 மணி நேரத்துக்குள் வண்டியை விரித்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூடச் சொல்லுங்கள். மெத்தைக்கு அடியிலும் தொட்டுப் பாருங்கள். அழுக்கு இருந்தால் மிதமான சோப்புத் தண்ணீர் போதும். பிளீச் போட்டால் துணி கெட்டு மழை ஒழுகும்.

காயவைத்து மூடுங்கள், திறந்து காற்றாட விடுங்கள், நெருப்பை வெளியே வையுங்கள். பேரன் பேத்திகளோடு நிம்மதியாக நட்சத்திரம் பார்க்கலாம்!