அரைப்பேரும் பேர்தான்

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் பல தோட்டங்களில் நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். எடுத்தது போதுமா போதாதா என்பது அன்றைக்கே கொழுந்து மடுவத்துத் தராசில் தெரிந்துவிடும். கொழுந்தெடுக்கும் பெண் கிளினிக் போனால் பல நேரம் கிடைப்பது ஒரே வரி: "பத்துக் கிலோ குறைங்க." எதைச் செய்து, எத்தனை நாளில்? கிளினிக் கொப்பியில் அது இருக்காது.

மலையகத்தில் பேச வேண்டியது மெலிவைப் பற்றியல்லவா என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். ஆனால் கருவிலேயே மெலிந்து, பிறகு நிறை கூடுகிறவர்களைத்தான் சீனி வருத்தம் எளிதில் பிடிக்கிறது. மலை ஏறி இறங்கிய தாய் சாப்பிட்ட அதே ரொட்டியை, அதே சீனித் தேத்தண்ணியை, மகன் ஹட்டன் கடையொன்றில் உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுகிறான்.

தூரத்து இலக்கு என்ன செய்யும்? 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பருமனான 60 பெண்கள் சராசரியாகத் தங்கள் நிறையில் 32 சதவீதம் குறைய ஆசைப்பட்டார்கள். 48 வாரத்தில் சராசரி 16 கிலோ குறைந்தது. மருத்துவர் கைதட்டும் குறைவு அது. ஆனால் கிட்டத்தட்டப் பாதிப் பேர், 'இதுவரை குறைந்தால் ஏமாற்றம்தான்' என்று தாங்களே முன்கூட்டிச் சொன்ன நிறையைக்கூட எட்டவில்லை. இளைத்தும் தோற்றவர்கள்!

1981இல் உளவியலாளர்கள் பண்டூராவும் ஷங்க்கும் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளிடம் ஒன்றைச் சோதித்தார்கள். சிலரிடம் ஏழு அமர்வில் 42 பக்கம் முடிக்கச் சொன்னார்கள். சிலரிடம் அமர்வுக்கு 6 பக்கம். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. முன்னேறியது ஆறு பக்கக்காரர்கள். 42 என்ற இலக்கால் சொல்லும்படி பலனே இல்லை.

சரி, எதை எண்ணுவது? தராசை மட்டும் நம்பினால் மோசம். மழை நாளில் கொழுந்து பாரமாகத்தான் இருக்கும், ஈரத்துக்கென்று கழிப்பார்கள். பட்டினி போட்ட முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு கிலோவும் பெரும்பாலும் ஈரம்தான். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் கரையும்போது, அதைப்போல் மூன்று மடங்கு நீரும் கூடவே வெளியேறுகிறது. கொழுப்பு கொஞ்சம்தான் கரைந்திருக்கும். மறுபடி சோறு தின்றால் அந்த இரண்டு கிலோவில் பெரும்பகுதி திரும்பி வரும். மனம் உடைவது அங்கேதான்.

ஆகவே கிலோவை விட்டுச் செயலை எண்ணலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சீனி வருத்தத்தின் விளிம்பிலிருந்த 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் அரைமணி வேக நடை, சீனியும் எண்ணெயும் குறைவு என்று மாறியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய நிறை பெரிதாக மாறவில்லை. தராசு காட்டாத லாபம் இது.

தேத்தண்ணியிலேயே தொடங்கலாம். நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் ஏறக்குறைய 40 கிராம் சீனி, 160 கலோரி. இந்த வாரம் கோப்பைக்கு ஒரு கரண்டி. அவ்வளவே இலக்கு.

ஒரு நாள் தவறினால்? 1975இல் உளவியலாளர்கள் ஹெர்மனும் மேக்கும் செய்த சோதனையில், சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தவர்களில் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள். அதைக் குடித்தவர்கள், குடிக்காத கட்டுப்பாட்டுக்காரர்களைவிடக் கூடுதலாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். 'கெட்டது கெட்டாச்சு, இனி என்ன' என்கிற மனசு. சம்பளக் கணக்கில் அரைப்பேர் வயிற்றெரிச்சல்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. உடம்பின் கணக்கில் மட்டும் அது வரப்பிரசாதம்: திருவிழாவில் பலகாரம் தின்ற அன்றைக்கும் அரைப்பேர் உண்டு, பூச்சியம் இல்லை.

கிளினிக்கில் இருக்கும் டாக்டர்மாரிடமும் நர்ஸ்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: கொப்பியில் 'பத்துக் கிலோ' என்று எழுதும்போது, அடுத்த வரியில் இந்த வாரத்துக்கான ஒரே ஒரு வேலையையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.