வலிக்கும் ஒரு பயணத் திட்டம் வேண்டும்

2006ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் சிக்குன்குனியா பரவியபோது கல்முனையும் அதற்குத் தப்பவில்லை. மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கொழும்பு என்று பரவிய அந்த அலையில் 37,000 பேருக்கு மேல் நோய் தொற்றியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். காய்ச்சல் சில நாட்களில் இறங்கியது. மூட்டு நோ பலருக்கு இறங்கவில்லை. இந்து சமுத்திரத்தில் உள்ள ரியூனியன் தீவையும் அதே காலத்தில் இந்த வைரஸ் உலுக்கியது. அங்கே நோயாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், மூன்று வருடம் கழித்தும் பாதிக்கு மேற்பட்டோர் மூட்டு வலியோடுதான் இருந்தார்கள்.

மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் மூட்டு வருத்தத்துக்கு இந்தக் காய்ச்சல் மட்டும் காரணமல்ல. முழங்கால் தேய்வு, நாரி நோ, ருமற்றொயிட் மூட்டழற்சி, சீனி வருத்தம் நரம்பைத் தாக்கியதால் வரும் கால் எரிவு என்று பட்டியல் நீளும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது விட்டு விட்டுத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்கிறது மருத்துவம். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடமே உண்டு.

வீட்டில் இருக்கும் வரை இந்த வலியை ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். எந்தக் கதிரையில் இருந்தால் எழும்ப லேசு, சுபஹுக்கு எழும்பினால் முழங்கால் இளகி வர எவ்வளவு நேரம் ஆகும், எந்த வேலையை மகளிடம் விடவேண்டும் என்பதெல்லாம் உம்மாமாருக்கு அத்துப்படி. ஊரைத் தாண்டினால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிடும். கொழும்பில் கிளினிக், கண்டிப் பக்கத்தில் கலியாணம், மக்காவில் உம்றா என்று எங்கே போனாலும் அடங்கிக் கிடந்த வலி கிளம்புவது வழிநடுவில்தான்.

ஏன் வழியில் கிளம்புகிறது?

மூட்டில் எவ்வளவு பழுது இருக்கிறதோ அவ்வளவு வலி என்றுதான் பலரும் நினைக்கிறோம். விஞ்ஞானம் இந்த எண்ணத்தை எப்போதோ தாண்டிவிட்டது. வலிச் செய்தி மூளைக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை, முள்ளந்தண்டு நாணில் அது கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்று 1965இல் றொனால்ட் மெல்சாக், பட்றிக் வோல் என்ற இருவர் எடுத்துச் சொன்னார்கள். அடிபட்ட இடத்தைக் கையால் தேய்த்துவிட்டால் நோ தணிவதற்கு அவர்கள் தந்த விளக்கம் இது. 1983இல் கிளிபர்ட் வுல்ப் அடுத்த படிக்குப் போனார். காயத்திலிருந்து சமிக்ஞை விடாமல் வந்துகொண்டிருந்தால் முள்ளந்தண்டு நாணின் நரம்புக் கலங்களே கூருணர்வு கொண்டுவிடும் என்று எலிகளில் காட்டினார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் மோதினாரின் இருமலும் ஊர் முழுக்கக் கேட்குமே, அப்படித்தான் நாட்பட்ட வலிக்காரரின் நரம்பு மண்டலமும். சின்ன உளைவும் பெரிய நோவாகக் கேட்கும்.

பயணம் இந்தச் சத்தத்தை இன்னும் கூட்டுகிறது. நித்திரை கெட்டால் வலியைத் தாங்கும் எல்லை இறங்கும் என்பதை ஆய்வுகூடச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பதற்றமும் அதையே செய்யும். நேரம் தவறிய மருந்து, பழக்கமில்லாத மெத்தை, ஒரே நாளில் கூடிப்போன நடை எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆகவே, வழியில் வலி கூடினால் மூட்டு இன்னும் பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது கிளர்ந்த நரம்புகளின் சத்தம்தான். இதைத் தெரிந்து வைத்திருப்பதே பாதிப் பயத்தைக் குறைக்கும். பயம் குறைந்தால் வலியும் கொஞ்சம் குறையும்.

கல்முனையிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப்புறம்தான் இறக்கம். நடுவழியில் தேத்தண்ணிக் கடையில் பஸ் நிற்கும்போது இளசுகள் எல்லாம் இறங்கிவிடுவார்கள். இறங்கவேண்டிய முழங்கால் வருத்தக்காரர் மட்டும் "இறங்கி ஏறுறது கரைச்சல்" என்று சீற்றிலேயே இருப்பார். வழியில் டொய்லட் தேடவேண்டுமே என்று தண்ணீரும் குடிக்கமாட்டார். அசையாத மூட்டு விறைக்கும், தண்ணீர் இல்லாத உடம்பு களைக்கும். ஏறும்போதே நடைபாதை ஓரச் சீற்றைக் கேட்டு வாங்குவதும், பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி ஐந்து நிமிடம் நடப்பதும், இருந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதும் பத்து மாத்திரைக்குச் சமம் என்று சொல்லாவிட்டாலும், மாத்திரை செய்யாத வேலையைச் செய்யும்.

நேரத்தைப் பார்த்து நில்லுங்கள்

நோ குறைந்த நாளில் எல்லா வேலையையும் ஓடியாடி முடிப்பது, அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடப்பது. நாட்பட்ட வலிக்காரர் பலரும் விழும் குழி இது. வலி வந்த பிறகு ஓய்வெடுப்பது பிந்திய வைத்தியம். வலி நிறுத்தும் வரை நடக்காமல், மணிக்கூடு நிறுத்தும்போது நிற்கவேண்டும் என்பார்கள் பிசியோதெரபிஸ்ட்டுகள். இருபது நிமிட நடையில் நோ வருகிறது என்றால், பதினைந்தாவது நிமிடத்திலேயே, நோ இல்லாதபோதே, இருந்துவிட வேண்டும்.

உம்றாவுக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு மிக அவசியம். ஸயீயில் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை நடந்தால் ஏறத்தாழ 3 கிலோமீற்றர். அதற்கு முன் கஃபாவைச் சுற்றும் தவாப். சனம் நெருங்கிய நாளில் மேல்தளத்துக்கு ஏறினால் அங்கே ஒரு சுற்று பல மடங்கு நீளம். ஊரில் வீட்டுக்கும் சந்தைக்கும் ஓட்டோவில் போய்வந்தவர் அங்கே இறங்கிய அன்றே இவ்வளவும் நடந்தால் முழங்கால் சும்மா இருக்குமா? புறப்படுவதற்கு ஆறேழு கிழமைக்கு முன்பே, அஸருக்குப் பின் கடற்கரைப் பக்கம் பத்து நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வரவேண்டும். முழங்கால் தேய்வுக்கு உடற்பயிற்சிதான் முதல் வைத்தியம் என்பதில் இன்றைய சர்வதேச வழிகாட்டல்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

தங்கப்போகும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் வேண்டாம். கொமட் இருக்கிறதா, அறை எத்தனையாம் மாடி, லிப்ட் வேலை செய்யுமா? குந்தி எழும்ப முடியாதவருக்கு இது சொகுசுக் கேள்வி அல்ல.

மருந்துப் பையில் என்ன?

மருந்து கைப்பையில் இருக்கவேண்டும். விமானத்தின் அடிவயிற்றில் போகும் சூட்கேஸ் காணாமல் போனால் மருந்தும் போகும். வில்லைகளைக் கழற்றிக் கடதாசியில் சுற்றாமல், பெயர் அச்சிட்ட அட்டையோடு, நாலைந்து நாளைக்கு மேலதிகமாக எடுங்கள். கிளினிக் கொப்பியின் பக்கங்களை போனில் படம் எடுத்து மகனுக்கும் அனுப்பி வையுங்கள். டிரமடோல், பிரிகபாலின் போன்றவை சவூதி அரேபியாவில் கட்டுப்பாட்டு மருந்துகள். டொக்டரின் ஆங்கிலக் கடிதமும் அந்நாட்டு உணவு மருந்து அதிகார சபையின் முன்அனுமதியும் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல்.

பனடோல் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு எட்டு வில்லைக்கு, அதாவது 4 கிராமுக்கு, மேல் போகக்கூடாது. தடிமல் மருந்து பலவற்றிலும் பரசிற்றமோல் ஒளிந்திருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோபெனாக், இபுபுரொபின் வகை வில்லைகளில் இன்னும் கவனம் வேண்டும். பிறஷருக்கு எனலபிறில் அல்லது லொசாட்டன், கூடவே சிறுநீர் போக்கும் வில்லை எடுக்கிறவர், வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்போடு இவற்றையும் விழுங்கினால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். 2024 ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது; 1,300 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட வெயிலில் வலி வில்லையை டொக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். முழங்காலில் பூசும் டைக்ளோபெனாக் ஜெல் வில்லையைவிடப் பாதுகாப்பானது. பிரித்தானியாவின் 2022 வழிகாட்டலும் அதையே முதலில் தரச் சொல்கிறது. சித்தாலேபவோ வேறு தைலமோ பூசுகிறவர்கள், இஹ்ராமில் அதன் மணம் பற்றி மௌலவியிடம் ஊரிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் ஒரு கடதாசியில், நல்ல நாளில் எழுதுங்கள். உளைவு தொடங்கினால் என்ன செய்வது: இருப்பது, சுடுதண்ணி ஒத்தடம், ஜெல். கூடினால் என்ன: எந்த வில்லை, எத்தனை, அன்றைய திட்டத்தில் எதை விடுவது. வலியின் உச்சத்தில் யோசித்து முடிவெடுப்பது யாருக்கும் கஷ்டம். கூட வருகிறவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

எல்லா வலியும் பழைய வலியல்ல என்பதையும் அதில் எழுதுங்கள். காய்ச்சலோடு ஒரே மூட்டு சிவந்து வீங்கினால், நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், நாரி நோவோடு சிறுநீர் கட்டுப்படாமல் போனால், நெஞ்சு நொந்தால், ஒத்தடம் போட்டுக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

சலுகை இருக்கிறது

"இவ்வளவு தூரம் வந்து வீல்செயாரிலா?" என்று சங்கடப்படுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். சுகமில்லை என்று சொன்ன உம்மு ஸலமா நாயகியை வாகனத்தில் இருந்தபடியே தவாப் செய்யச் சொன்னவர் நபிகளார். உடல் பாரத்தால் மெல்ல நடந்த ஸவ்தா நாயகிக்கு முஸ்தலிபாவிலிருந்து சன நெரிசலுக்கு முன்பே புறப்பட அனுமதி கொடுத்தவரும் அவரே. இயலாதவருக்கு மார்க்கம் தந்த வழியை, இயலாமல் விழுந்த பிறகு தேடாமல் முன்கூட்டியே திட்டத்தில் சேர்ப்பதுதான் புத்தி. தவாப்பை நடந்து, ஸயீயை வீல்செயாரில் முடிக்கலாம் என்று முடிவெடுத்தவர் மறுநாள் ஹரத்தில் ஐந்து வக்தும் தொழக்கூடியவராக இருப்பார்.

ஹஜ், உம்றாக் குழுக்கள் புறப்படுமுன் வழிகாட்டல் வகுப்பு நடத்துகின்றன. துஆக்களும் இஹ்ராம் சட்டங்களும் சொல்லித்தரும் அந்த வகுப்பில் ஒரு மணித்தியாலத்தை ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கும் ஒரு மருந்தாளருக்கும் ஒதுக்கினால் என்ன? கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. கேட்டால் வரக்கூடியவர்கள் ஊருக்குள்ளேயே உண்டு. பெரிய செலவும் இல்லை. அடுத்த குழுவிலிருந்தே தொடங்கலாம்.