குளிர்காலத்தில் மூட்டு வலி: வெந்நீரில் உளூச் செய்யலாமே!

மார்கழி பிறந்துவிட்டால் பஜ்ருக்கு எழும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு முட்டி மடங்க மறுக்கிறது. குளிர் எலும்பில் ஏறிவிட்டதாகச் சொல்கிறோம். ஆனால் குளிர் மூட்டைத் தேய்ப்பதில்லை. மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் குளிரில் இறுகுகின்றன. போர்வைக்குள் முடங்குவதால் நடமாட்டமும் குறைகிறது. ஏற்கெனவே இருக்கும் தேய்மானத்தின் வலி அதனால் அதிகமாகத் தெரிகிறது. எழுந்ததும் கட்டிலில் இருந்தபடியே கால்களைப் பத்துப் பதினைந்து முறை மடக்கி நீட்டிவிட்டு இறங்கினால் பிடிப்பு தளரும்.

சிரமத்திலும் முழுமையாக உளூச் செய்வதற்கு நன்மை உண்டு என்பதால், பச்சைத் தண்ணீரில்தான் செய்வேன் என்று சில பெரியவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள். வெந்நீர் கிடைக்கும்போது சிரமத்தைத் தேடிப் போகும்படி மார்க்கம் சொல்லவில்லை. உமர் (ரலி) அவர்கள் சூடான நீரில் உளூச் செய்த செய்தி புகாரியில் இருக்கிறது. பஜ்ருக்கு முன் ஒரு கெட்டில் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுப்பது பிள்ளைகளுக்குப் பெரிய வேலையா என்ன?

தொழுகையும் அப்படித்தான். மூல நோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுசைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். நிற்க முடிந்து, சுஜூதுக்கு மட்டும் முட்டி மடங்காதவர் எப்போது நாற்காலியில் அமர வேண்டும் என்பதைப் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது வலி மாத்திரையைப் பற்றி. டைக்ளோபினாக் போன்றவற்றை மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். இவை வயிற்றில் புண் உண்டாக்கும், ரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாக்டரைக் கேட்காமல் தொடரவே கூடாது.

வெந்நீர் ஒத்தடம் நல்ல பலன் தரும். ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு உறைக்காது, தோல் வெந்த பிறகுதான் தெரியவரும். அவர்களுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது வீட்டிலுள்ள வேறொருவர் கையால் தொட்டுப் பார்த்து, துணி சுற்றிக் கொடுக்க வேண்டும்.

காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் விறைப்பு விடவில்லை, விரல் மூட்டுகள் இரு கைகளிலும் வீங்கியிருக்கின்றன என்றால் அது வெறும் தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். மூட்டு மருத்துவரிடம் சீக்கிரம் காட்ட வேண்டும். திடீரென ஒரு மூட்டு மட்டும் சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.