மட்ஸுயேக்குப் போன ஆங்கில உபாத்தியாயர்

பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பெற்றோர்களுடைய குறைகளாகவே இருக்கும். சென்ற மாதம் எனக்கு வந்த கடிதம் வேறு வகையைச் சேர்ந்தது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். ஜப்பான் அரசாங்கத்தார் 1987-ம் வருஷத்தில் ஏற்படுத்திய திட்டம் ஒன்றின்கீழ், அவள் அந்த தேசத்துச் சிற்றூர் ஒன்றுக்கு ஆங்கிலத் துணை ஆசிரியையாகப் போயிருக்கிறாள்.

“ஸார், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மரியாதையாகவே நடத்துகிறார்கள். மாலையில் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால்தான் உலகத்தில் எனக்கு ஒருவருமே இல்லை போல் இருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்க வந்தேன். கடையில் உப்பு எது, சர்க்கரை எது என்று கேட்கத் தெரியவில்லை. திரும்பி வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது” என்பது கடிதத்தின் சாராம்சம்.

நான் கடல் கடந்தவன் அல்ல. ஆகவே சொந்த அனுபவத்தைக் கொண்டு அவளுக்கு ஆறுதல் சொல்ல இயலவில்லை. ஆனால் அதே தேசத்துக்கு, அதே வேலைக்கு, 1890-ம் வருஷத்தில் போன ஒருவருடைய கதை எனக்குத் தெரியும். அதை எழுதி அனுப்பினேன். பிள்ளைகளை அயல் நாடுகளுக்கு அனுப்பியிருக்கும் நேயர்களுக்கும் அது பயன்படலாம்.

* * *

லாப்காடியோ ஹெர்ன் 1850-ல் கிரேக்க தேசத்துத் தீவு ஒன்றில் பிறந்தவர். தகப்பனார் அயர்லாந்துக்காரர், பட்டாளத்து வைத்தியர். தாயார் கிரேக்க மாது. குழந்தைப் பருவத்திலேயே இருவரையும் பிரிந்து, டப்ளின் நகரில் வயது முதிர்ந்த உறவினர் ஒருவரிடம் வளர்ந்தார். பள்ளிப் பருவத்தில் இடது கண் பார்வையை இழந்தார். பத்தொன்பதாம் வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வறுமையில் உழன்று, பத்திரிகை நிருபரானார். சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் அவருக்குக் கிடையாது.

1890 ஏப்ரலில் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கியபோதும் அவர் கட்டுரைகள் எழுத வந்தவரே. அனுப்பியவர்களோடு மனஸ்தாபம் உண்டாகி அந்த வேலை போயிற்று. டோக்கியோவில் இருந்த பேராசிரியர் பாஸில் ஹால் சேம்பர்லின் முதலியோர் உதவியால், மட்ஸுயே என்னும் ஊரில் ஆங்கில உபாத்தியாயர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 100 யென். அக்காலத்தில் அங்கே அது பெருந்தொகை.

மட்ஸுயே மேற்குக் கடற்கரைப் பக்கத்து ஊர். ரயில் கிடையாது, மலைகளைத் தாண்டி மனிதர் இழுக்கும் ரிக்ஷாவில் நான்கு நாள் பிரயாணம். அந்நியர் உள்நாட்டில் சஞ்சரிப்பதற்கே தனி அனுமதிச் சீட்டு வேண்டும். நாற்பது வயதில், ஒற்றைக் கண்ணோடு, பாஷை தெரியாமல், முன்பின் செய்தறியாத தொழிலுக்கு அவர் அவ்வூர் போய்ச் சேர்ந்தார்.

முதல் நாட்களில் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? காது கொடுத்துக் கேட்டார். விடியற்காலையில் முதலில் எழும் ஓசை அரிசி குத்தும் உலக்கையின் ஓசை என்று கண்டுகொண்டார். பிறகு கோயில் மணி; பிறகு முள்ளங்கி விற்பவர் கூவும் குரல்; பிறகு சூரியனை நோக்கி ஊரார் கைகொட்டி வணங்கும் சப்தம். இவற்றையெல்லாம் பின்னர் புத்தகத்தில் வரிசையாக எழுதிவைத்தார். ஊரின் காலைப்பொழுது இப்படிப் பழகிவிட்டால், ஊரில் பாதி பழகிய மாதிரிதான்.

மற்றப் பாதிக்கு மனிதர் துணை வேண்டும். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர்களில் ஒருவரான நிஷிதா ஸெந்தாரோ அவருக்குச் சிநேகிதராகவும் வழிகாட்டியாகவும் அமைந்தார். அந்தப் பனிக்காலத்தில் ஹெர்ன் நோயுற்றார். 1891-ன் ஆரம்பத்தில் கொய்ஸுமி ஸெத்ஸு என்ற இளம்பெண் வீட்டைக் கவனிக்க வந்தாள். படைவீரர் குலத்தில் பிறந்து, குடும்பம் நொடித்துப்போனதால் நெசவு செய்து பிழைத்தவள். அவளே அவருக்கு மனைவியானாள். இருவரும் தங்களுக்குள் இலக்கணமில்லாத எளிய ஜப்பானிய பாஷை ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். அவள் இரவில் சொன்ன பழங்கதைகளே பிற்காலத்தில் அவருடைய புகழ்பெற்ற நூல்களாயின.

* * *

வகுப்பில் அவர் எப்படி இருந்தார்? சக்கரவர்த்தியின் பிறந்த நாளன்று எல்லோரையும் போல் அவரும் படத்துக்கு வணக்கம் செலுத்தினார். இதைக் கவனித்த மாணவன் ஒருவன், முன்னிருந்த ஆங்கில ஆசிரியர் இவ்வழக்கத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று இகழ்ந்ததை அவரிடம் சொன்னான். உங்கள் மன்னரைப் போற்றுவது உங்கள் கடமை என்பதே ஹெர்ன் அளித்த விடையின் கருத்து. அந்த ராஜபக்தி பின்னாளில் போர்வெறிக்குத் துணைபோனது வேறு விஷயம். ஆங்கிலம் கற்பதற்காகத் தன் வீட்டு வழக்கத்தைக் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை என்று அந்தப் பையன் அன்று தெரிந்துகொண்டான்.

இதை எழுதும்போது எனக்கே சற்று உறைத்தது. நம் பள்ளிகளில் பனிமழையைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்ன நாட்கள் உண்டு. பனி பெய்வதை உபாத்தியாயரும் பார்த்ததில்லை, பையனும் பார்த்ததில்லை. ஹெர்ன் தம் மாணவர்களைக் கொண்டு ஐரோப்பிய வழக்கங்களையும் ஜப்பானிய வழக்கங்களையும் ஒப்பிட்டு எழுதுவித்தார். பெற்றோரைவிட மனைவியை அதிகம் நேசிக்கும் ஐரோப்பியரைப் பற்றி அவர்கள் ஆச்சரியத்தோடு எழுதியதை, அப்படியே மதித்துப் புத்தகத்தில் சேர்த்தார்.

1891 நவம்பரில் அவர் குமமோட்டோ நகரத்துக் கலாசாலைக்கு மாறியபோது, மாணவர்கள் அவருக்கு ஒரு வாளைப் பரிசளித்து வழியனுப்பினார்கள். வந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்தன. குமமோட்டோவில் சம்பளம் இரு மடங்கு. ஆனால் அந்த ஊர் அவருக்குப் பிடிக்கவேயில்லை. ஓர் ஊர் மனசுக்கு ஒட்டிவிட்டால் அடுத்த ஊரும் ஒட்டும் என்ற உறுதி இல்லை. இதையும் என் மாணவிக்கு மறைக்காமல் எழுதினேன்.

* * *

1896-ல் அவர் கொய்ஸுமி யாகுமோ என்ற பெயரோடு ஜப்பானியப் பிரஜையானார். மனைவியும் மகனும் சட்டப்படி தமக்கு வாரிசாக வேண்டும் என்பதே முக்கிய காரணம். அவ்வருஷமே டோக்கியோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் போதிக்கத் தொடங்கினார். 1903-ல் அந்தப் பதவி போயிற்று. மாணவர்கள் கிளர்ச்சி செய்தும் பயனில்லை. அவருக்குப் பின் அவ்விடத்துக்கு வந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் பெரும் நாவலாசிரியரான நட்ஸுமே ஸோஸெகி. சுதேசியை லண்டனுக்கு அனுப்பிப் படிக்கவைத்து, அந்நியர் இருந்த ஆசனத்தில் அமர்த்துவது ஜப்பானின் கொள்கை. அதை நாம் குறை கூற முடியாது. நம் தேசமும் அதையே விரும்பியது. ஆனால் பெயரையும் பிரஜா உரிமையையும் மாற்றிக்கொண்ட பிறகும் தம்மை அந்நியராகவே நினைத்தார்களே என்ற வருத்தம் அந்த மனிதருக்கு இருந்தது.

ஸோஸெகியின் கதை இதற்கு மறுபக்கம். 1900 முதல் 1902 வரை அவர் லண்டனில் இருந்தார். உபகாரச் சம்பளம் போதவில்லை. அறைக்குள் புத்தகங்களோடு அடைந்து கிடந்து மனம் நொந்தார். அவர் ஆங்கிலத்தில் மஹா பண்டிதர். ஹெர்னோ ஜப்பானிய எழுத்தைச் சரளமாக வாசிக்கவும் அறியாதவர். அயலூரில் நிலைகொள்வதற்குப் பாஷா ஞானம் மட்டும் போதாது. கற்றுக்கொடுக்க ஒரு நிஷிதாவும், கதை சொல்ல ஒரு ஸெத்ஸுவும் வேண்டும். அவர்களிடம் மாணாக்கனாக உட்கார நமக்கும் மனம் வேண்டும்.

ஹெர்ன் 1904 ஸெப்டம்பரில் காலமானார், ஸோஸெகி 1916-ல். டோக்கியோவில் ஸோஷிகயா மயானத்தில் இருவரும் துயில்கிறார்கள்.

என் கடிதத்தை இப்படி முடித்தேன்: “அம்மா, திரும்பி வருவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். நாளைக் காலையில் கடைக்காரரிடம் போய், உப்புக்கும் சர்க்கரைக்கும் அவர்கள் பாஷையில் என்ன பெயர் என்று கேள். தப்பாகச் சொன்னால் அவர் சிரிக்கட்டும். இத்தனை நாள் உன் வகுப்பில் பிள்ளைகள் தப்பாகச் சொல்லி நீ சிரித்தாய் அல்லவா? இனி அவர் உபாத்தியாயர், நீ மாணவி.”