குதிரையின் பிடரி நிறமும் பதிவேட்டின் உண்மையும்

கடனுக்கோ காப்பீட்டுக்கோ கால்நடை ஒன்று முன்வைக்கப்படும்போது, அதன் உடல் நிறம், வால் நிறம், அடையாளக் குறிகள் ஆகியன கால்நடை மருத்துவரின் சான்றிதழில் எழுதப்படுகின்றன. கோலார் தங்கவயல் வட்டாரத்தில் நாங்கள் காண்பவை பெரும்பாலும் கறவை மாடுகளே. குதிரையாயின், நிறம் பற்றிய அந்த ஒரு வரி கூடுதல் கவனத்தைக் கோருகிறது.

குதிரை மயிரின் நிறமிகள் இரண்டே: கருமை, செம்மை. கருநிறமி உண்டாவதற்கு எம்.சி.1.ஆர். என்னும் மரபணு பழுதின்றி இருத்தல் வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படியே வந்த குட்டிக்குப் பிடரியிலும் வாலிலும்கூடக் கருமை இராது. இதனைப் பந்தய வட்டாரத்தில் ‘செஸ்நட்’ என்பர். பழுதற்ற படி ஒன்றேனும் இருப்பின், ஏ.எஸ்.ஐ.பி. என்னும் மற்றொரு மரபணு அக்கருமையைப் பிடரி, வால், கால்களின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் ஒதுக்குகிறது. செம்பழுப்பு உடலும் கரும்பிடரியும் கொண்ட அக்குதிரையே ‘பே’. இரண்டாம் மரபணுவும் செயலிழந்தால் குதிரை முழுக் கருப்பாகிறது.

ஆகவே, ‘பே’ இணைக்குச் செஸ்நட் குட்டி பிறப்பதில் ஐயத்துக்கு இடமில்லை; பழுதுற்ற படி இரு பெற்றோரிடமும் மறைந்திருக்கலாம். செஸ்நட் இணைக்குக் கரும்பிடரிக் குட்டி பிறந்ததாக எழுதப்பட்டிருந்தால், ஐயுற வேண்டியது பதிவேட்டையே.

இவ்வழக்கு ஒரு காலத்தில் அறிவியல் உலகையே பிளந்தது. செஸ்நட் இணைக்குச் செஸ்நட்டே பிறக்கும் என்று, பந்தயக் குதிரை வம்சப் பதிவேட்டைக் கொண்டு 1906-இல் வெளியான ஆய்வில் சி.சி. ஹர்ஸ்ட் வாதிட்டார். அதே பதிவேட்டிலிருந்து விதிவிலக்குகளை எடுத்துக்காட்டி வெல்டன் மறுத்தார். அவை எழுத்துப் பிழைகளே என்பது ஹர்ஸ்ட் தரப்பின் விடை. 1996-இல் சுவீடன் ஆய்வாளர்கள் எம்.சி.1.ஆர். பழுதைக் கண்டறிந்தபோது ஹர்ஸ்டின் விதிக்கு அடிப்படை புலப்பட்டது.

திருமண ஊர்வல வெண்குதிரைகளின் கதை வேறு. அவற்றுள் பல பிறவியில் வெண்மையானவை அல்ல. கருமையாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல நரைப்பவை. மயிரின் அடியில் தோல் கருமையாகவே நிற்கும். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2008-இல் கண்டறியப்பட்டது. அதன் ஒரு படியே போதுமாதலால், நரைக்கும் குட்டியின் பெற்றோரில் ஒன்றேனும் நரைக்கும் இனமாயிருக்கும். இவற்றுக்கு முதுமையில் வாலடியில் கருநிறக் கட்டிகள் தோன்றுவது மிகுதி.

எனவே, குதிரை வாங்குவோர் மூன்றை நினைவிற்கொள்ளல் நலம். குட்டியின் பெற்றோர் நிறத்தைக் கேட்டறிக. வயது வந்த வெண்குதிரையாயின் வாலைத் தூக்கிப் பார்க்குமாறு மருத்துவரிடம் கூறுக. குட்டிப் பருவத்தில் ‘பழுப்பு’ என எழுதிய ஆவணத்தை, நிறம் மாறுந்தோறும் புதுப்பித்து, மாறாத அடையாளமாகிய மைக்ரோசிப் எண்ணையும் சேர்த்திடுக. இழப்பு நேர்ந்த நாளில், ஏட்டிலுள்ள பழுப்புக் குதிரையும் இலாயத்தில் நின்ற வெண்குதிரையும் ஒன்றே என மெய்ப்பிக்கும் சுமை உரிமையாளருடையதே.